பதினோராவது கோரிக்கை

சென்ற வாரம் ஜாவா நிரலொன்றில் ஓர் ஒப்ஜெக்ட் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தோம். ‘நியூ’ என்ற ஒரு சொல், கன்ஸ்ட்ரக்டருக்கு ஓர் அழைப்பு, நினைவகத்தில் கொஞ்சம் இடம். அது எப்படி முடிகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலான பாடக்குறிப்புகள் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன: கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும். அந்த வரி பாதி உண்மை. மீதிப் பாதியை மாணவர்கள் வேலைக்குப் போன பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள். அதுவும் மக்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் நிரல் நின்றுபோன பிறகு. ஓர் ஒப்ஜெக்ட்டைப் பிறப்பித்த கையே அதன் முடிவையும் எழுத வேண்டும், மொழியின் தலையில் அதைக் கட்டிவிட முடியாது என்பதே இந்த வாரத்து வாதம்.

குறிகட்டுவான் இறங்குதுறையை எடுத்துக்கொள்வோம். புங்குடுதீவில் உள்ள இந்தத் துறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும். ஏறுகிறவர்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிந்துகொள்ளும் சிறு ஜாவா நிரல் ஒன்று அங்கே ஓடுவதாகக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பு வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாக இணைப்பு உண்டாக்குவது நேரம் பிடிக்கிற வேலை. ஆகவே சில இணைப்புகளை முன்கூட்டியே திறந்து ‘கனெக்‌ஷன் பூல்’ ஒன்றில் வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது ஒன்றை எடுத்து, வேலை முடிந்ததும் ‘குளோஸ்’ சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் ஹிகாரி பூலில், நாம் எதையும் மாற்றாவிட்டால், ஆகக்கூடியது 10 இணைப்புகள். பத்தும் வெளியே போயிருந்தால் அடுத்த கோரிக்கை 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் ஒன்றும் திரும்பி வராவிட்டால் பிழை சொல்லி முறிந்துவிடும். போன படகு திரும்பி வந்தால்தானே துறையில் நிற்பவருக்கு இடம்.

நிரலின் ஒரு மூலையை நெருங்கிப் பார்ப்போம். முதல் வரி இணைப்பை எடுக்கிறது. இரண்டாம் வரி பயணியின் விவரத்தை அட்டவணையில் எழுதுகிறது. மூன்றாம் வரி இணைப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஒரே பயணத்துக்கு ஒரே அடையாள அட்டை இலக்கம் இரண்டு முறை தட்டப்பட்டால், தரவுத்தளம் இரண்டாவதை ஏற்க மறுக்கும், எக்செப்‌ஷன் எழும்பும், நிரல் இரண்டாம் வரியிலிருந்தே வெளியே பாய்ந்துவிடும். மூன்றாம் வரி ஓடவே ஓடாது. ஓர் இணைப்பு போய்விட்டது. சாதாரண நாட்களில் இப்படி ஒன்றோ இரண்டோ நடக்கும், இரவில் சேவையகத்தை நிறுத்தித் தொடக்குவார்கள், யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சனம் திரண்டு வரும் காலையில், அவசரத்தில் பத்துத் தட்டச்சுப் பிழைகள் நேர்வது பெரிய காரியமல்ல. பதினோராவது கோரிக்கை அப்படியே நிற்கும். பிழை செய்யாத, வரிசையில் ஒழுங்காக நின்ற ஒருவரே அதற்குரியவர் என்பதுதான் மனதை உறுத்துகிறது.

அந்த நேரத்தில் நினைவகத்தைத் திறந்து பார்த்தால் தாராளமாக இடம் இருக்கும். இதுதான் வாதத்தின் அச்சாணி. கார்பேஜ் கலெக்டர் என்ற எண்ணம் ஜாவாவோடு வந்ததல்ல; ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1959ஆம் ஆண்டளவில் உருவாக்கியது. 1995இல் வெளிவந்த ஜாவா அதைக் கோடிக்கணக்கான நிரல்களுக்குக் கொண்டுசேர்த்தது. அதன் ஒரே அளவுகோல், ஓடும் நிரலிலிருந்து ஓர் ஒப்ஜெக்ட்டை எட்ட முடிகிறதா என்பதே. எட்ட முடியாததை அது அள்ளும். அதுவும் நினைவகம் நெருக்கடியாகும்போதுதான் பெரும்பாலும் கை வைக்கும். தரவுத்தள இணைப்பு, திறந்த கோப்பு, வலையமைப்பு சொக்கெட் ஆகியவை குறைந்துகொண்டு போவது அதற்குத் தெரியாது, தெரியும்படி அது செய்யப்படவும் இல்லை. மேலும் நம் எடுத்துக்காட்டில், தொலைந்த இணைப்பை பூலே இன்னும் கையில் பிடித்திருக்கிறது, ‘வெளியே போயிருக்கிறது’ என்ற குறிப்போடு. ஆகவே கலெக்டரின் பார்வையில் அது குப்பையே அல்ல.

கலெக்டர் அள்ளுவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை செய்யத்தான் ‘ஃபைனலைஸ்’ இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தது. அதற்குள் ‘குளோஸ்’ எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு. ஆனால் ஃபைனலைஸ் எப்போது ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. ஓடுமா என்பதற்கே உறுதி இல்லை. அதற்குள் எழும் எக்செப்‌ஷன் சத்தமில்லாமல் விழுங்கப்பட்டுவிடும். ஜோஷுவா புளொக் 2001இல் வெளியான ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலிலேயே இதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார். 2017இல் வந்த ஜாவா 9 அதைக் கைவிடத்தக்கது எனக் குறித்தது. 2022இல் ஜாவா 18, மொழியிலிருந்து நீக்கப்படவிருப்பது என்றே அறிவித்தது. மொழியை வளர்ப்பவர்களே இருபதாண்டுக்கு மேலான அனுபவத்தின் பின் எடுத்த முடிவு இது. அவர்கள் மாற்றாகத் தந்ததும் ஒரு சான்றுதான்: 2011இல் ஜாவா 7 கொண்டுவந்த ‘ட்ரை-வித்-ரிசோர்சஸ்’. ட்ரை என்ற சொல்லுக்குப் பக்கத்து அடைப்புக்குள் இணைப்பைத் திறந்துவிட்டால், அந்தக் கட்டு எப்படி முடிந்தாலும், ஒழுங்காக முடிந்தாலும் பிழையில் முறிந்தாலும், இணைப்பு மூடப்படும். பல வளங்களைத் திறந்திருந்தால் கடைசியில் திறந்தது முதலில் மூடப்படும். திறப்பும் மூடலும் ஒரே இடத்தில், எழுதுகிறவரின் கண் முன்னே. முடிவு நிரலாளரின் கைக்கே திரும்பி வந்துவிட்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்று யார் ‘நியூ’ எழுதுகிறார்கள்? ஸ்பிரிங் போன்ற கொள்கலன்கள்தான் ஒப்ஜெக்ட்டுகளைப் பிறப்பிக்கின்றன, ஒன்றோடொன்று பொருத்துகின்றன, அழிக்கின்றன. பொருத்தி முடிந்ததும் ‘போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்’ என்று குறித்த முறையை அழைக்கின்றன, அழிக்குமுன் ‘ப்ரீடிஸ்ட்ரோய்’ என்று குறித்ததை அழைக்கின்றன. பின் நமக்கென்ன கவலை? இதற்குப் பதில் தேட நம் நாட்டுக்குள்ளேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது. அப்பாச்சி அக்சிஸ்2 என்ற வலைச்சேவை இயந்திரத்தின் கட்டமைப்பு 2004 ஓகஸ்டில் கொழும்பில் நடந்த கூட்டத்தில் விவாதிக்கப்பட்டது; அதை எழுதியவர்களில் இலங்கை நிரலாளர்களின் பங்கு பெரிது; 2006இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. அதில் ஒரு சேவையை ஏற்றும்போது அதன் ஆயுள் எவ்வளவு என்று எழுதுகிறவரே சொல்லலாம்: ஒரு கோரிக்கைக்கு மட்டுமா, ஓர் அமர்வுக்கா, அமைப்பு ஓடும் காலம் முழுவதுக்குமா. தொடக்கத்திலும் முடிவிலும் நம் குறிமுறையை அது அழைக்கும். ஆனால் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை அது ஊகிப்பதில்லை. ஸ்பிரிங்கிலும் அப்படித்தான். ‘புரோட்டோடைப்’ என்று குறித்த ஒப்ஜெக்ட்டை ஸ்பிரிங் பிறப்பித்துக் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடும்; அதன் ப்ரீடிஸ்ட்ரோய் அழைக்கப்படாது. ஸ்பிரிங்கின் ஆவணம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. மூடுகிற பொறுப்பு வாங்கியவருக்கு. கொள்கலன் நேரத்தைச் சொல்லும் மணி. மணி அடிக்கும்போது செய்ய வேண்டிய வேலை நம்முடையது.

ஆயுளைத் தவறாகக் குறிப்பதும் இதே குற்றத்தின் இன்னொரு முகம். ஸ்பிரிங்கில் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே ஒரு ஒப்ஜெக்ட் எல்லாருக்கும் பொது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் ‘பாதை’யை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே மிதவை, போவோர் வருவோர் எல்லாரையும் அதுவே ஏற்றும். அதில் ஒருவருடைய மூட்டையை நிரந்தரமாக வைத்துவிட முடியாது. பொது ஒப்ஜெக்ட்டின் உறுப்பு மாறியில் ‘இப்போதைய பயணி’ என்று பெயரைச் சேமிக்கிற நிரலில், ஒரே கணத்தில் இருவர் பதிந்தால் ஒருவரின் சீட்டில் மற்றவரின் பெயர் அச்சாகும். இதைச் சோதனையில் பிடிப்பது கடினம், ஏனென்றால் சோதிப்பவர் ஒருவர்தான் இருப்பார். இனி, ‘ஸ்டேடிக்’ மேப் ஒன்றில் பயணங்களைப் போட்டுவிட்டு எடுக்க மறப்பது: அங்கே கலெக்டர் தயாராகவே நின்றாலும், நாம் பிடித்த பிடியை விடாததால் போன வருடத்துப் படகுப் பயணங்களும் நினைவகத்தில் உயிரோடு இருக்கும்.

மின்சாரம் போனால் இந்த ஒழுங்கெல்லாம் என்னாகும் என்பது தீவுப்பகுதியில் இயல்பாகவே எழும் கேள்வி. நெடுந்தீவும் நயினாதீவும் தேசிய மின்வலையோடு இணையாமல் தங்கள் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. மின் அறுந்தாலோ, லினக்ஸில் 9ஆம் இலக்க சிக்னலால் கொன்றாலோ, ப்ரீடிஸ்ட்ரோய் ஓடாது, நிரல் நிற்குமுன் ஓடும்படி பதிந்துவைக்கும் ‘ஷட்டவுன் ஹுக்’கும் ஓடாது. அப்படியானால் மூடும் குறிமுறை வீணா? இல்லை. அறுந்துபோவதற்கான காப்பு தரவுத்தளத்தின் பரிவர்த்தனையில் இருக்கிறது. முடியாத பதிவை அது பின்வாங்கிவிடும். ஆகவே காப்பாற்ற வேண்டிய எதையும் ப்ரீடிஸ்ட்ரோயுக்காகத் தள்ளிவைக்கக் கூடாது. பதிவு முடிந்த கணத்திலேயே அதை உறுதிசெய்துவிட வேண்டும். மூடும் குறிமுறை இருப்பது, மின்சாரம் இருக்கும் மற்ற எல்லா மணித்தியாலங்களுக்கும். பதினோராவது பயணி காத்திருந்ததும் அப்படியொரு மணித்தியாலத்தில்தான்.

உங்கள் நிரலில் இந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பூலின் அளவை 10இலிருந்து 2 ஆகக் குறையுங்கள். தவறான பதிவொன்றை வேண்டுமென்றே இரண்டு தரம் அனுப்புங்கள். பிறகு சரியான பதிவு ஒன்று. அது 30 விநாடி அசையாமல் நின்றால், ஹிகாரியின் ‘லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்ட்’ என்ற அமைப்பை 2000 மில்லிவிநாடி என்று வைத்து மறுபடி ஓட்டுங்கள். திரும்பாத இணைப்பு எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் எடுக்கப்பட்டது என்பது லொக்கில் எழுதப்பட்டிருக்கும்.