உயிர் காத்த பாஷாணம்

வெள்ளைப் பாஷாணம் என்றாலே விஷம். அதுவே ஓர் உயிரைக் காப்பாற்றுமா?

காப்பாற்றும் என்று காட்டிய ஊர்களில் ஒன்று வேலூர். இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. அதில் வெள்ளை அணுக்கள் முதிராமலே பெருகிவிடும். இரத்தம் உறையாமல் கசியும். நாள் கடந்தால் உயிருக்கே ஆபத்து. அணுக்களை முதிரவிடாமல் தடுக்கும் புரதத்தைச் சிதைக்கும் ஆற்றல் வெள்ளைப் பாஷாணத்துக்கு, அதாவது ஆர்சனிக் டிரை ஆக்சைடுக்கு உண்டு. அளவறிந்து கொடுத்தால் விஷமே மருந்தாகிறது.

இதை முதலில் கவனித்தவர்கள் சீன மருத்துவர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1998 முதல், புதிதாக இந்நோய் கண்டவர்களுக்கு இந்த ஒரே மருந்தை முதன்மையாகக் கொண்டு சிகிச்சை தரப்பட்டது. செலவு மிகுந்த கீமோதெரபி எட்டாத ஏழைகளுக்கு அது பெரும் ஆறுதல். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நோயின் அடையாளமே மறைந்தது. மருத்துவர் விக்ரம் மேத்யூஸும் குழுவினரும் 2006-இல் ‘பிளட்’ என்ற அனைத்துலக ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள்.

ஓர் ஆய்வுக் கட்டுரையின் பயன், பின்வரும் ஆய்வாளர்கள் அதை எவ்வளவு எடுத்தாளுகிறார்கள் என்பதில் தெரியும். வேலூர்க் கட்டுரையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள். இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதல்நிலைச் சிகிச்சையில் ஆர்சனிக் இடம்பெறுகிறது. தோலுக்கும் காலணிக்கும் பேர்பெற்ற வேலூர்ப் பாலாற்றங்கரை, இந்த மருந்தின் வரலாற்றிலும் இடம்பிடித்திருக்கிறது.