எலும்பில் ஒரு வெண்கோடு

மலைநாட்டுத் தோட்டங்களில் பிள்ளைகள் விழுவது புதுமையன்று. பாசி பிடித்த கான் ஓரமும், லயத்துப் படிக்கட்டும், பேரி மரக் கிளையும் சில கைகால்களை ஒடித்தே தீருகின்றன. மாவுக்கட்டு அவிழ்ந்ததும் "சுகமாயிற்று" என்கிறோம். பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. ஒட்டிய எலும்பு இனி வளரவும் வேண்டுமல்லவா?

நீண்ட எலும்புகள் நுனியருகே அமைந்த வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் படலத்தாலேயே நீளுகின்றன. எக்ஸ்-கதிர் அதனை எளிதில் ஊடுருவுவதால், படத்தில் அது கருங்கீற்றாகத் தோன்றும். தொடையெலும்பு வளர்ச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு முழங்கால் பக்கத்துத் தட்டினால் நிகழ்வது. ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீற்றர். தட்டின் ஒரு புறம் நசுங்கி எலும்பாக இறுகினால், மறுபுறம் மட்டும் வளர்ந்து கால் கோணும். விபத்தன்று எடுத்த படம் இதனை முன்னறிவிப்பது அரிது.

மாதங்கள் சென்றபின் எடுக்கும் படமே சொல்லும். பின்னாளில் கேம்பிரிட்ஜில் உடற்கூற்றியல் பேராசிரியராக விளங்கிய எச். ஏ. ஹாரிஸ், 1920களில் ஒருவகைக் கோடுகளை ஆராய்ந்தார். வளர்ச்சி சிறிது தடைப்பட்டு மீளும்போது எலும்பின் குறுக்கே அடர்ந்த வெண்கோடு ஒன்று பதிகிறது. தட்டு அதனை விட்டு விலகி வளர்கிறது. கோடும் தட்டும் இணையாக நின்றால் அச்சமில்லை. கோடு சாய்ந்து தட்டை ஒரு முனையில் தொடுமாயின், அவ்விடத்தில் வளர்ச்சி நின்றுவிட்டதென்று பொருள். கடும் நோயும் பட்டினியும்கூட இக்கோட்டை வரையக்கூடும். ஆதலின் மறுகாலின் படத்தோடு ஒப்பிடுவர். இணைகோடுகள் சந்திப்பதில்லை என்று கரும்பலகையில் எழுதிப் பழகிய எனக்கு, அதில் ஒரு பிள்ளையின் நடை அடங்கியிருப்பது புதுப் பாடமாயிற்று.

(தொடை முறிந்த சிறுவருக்கு அக்கால் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் மிகுதியாக வளர்வதும் உண்டு. அது பெரும்பாலும் தீங்கற்றது.)

இறுகிய பகுதி சிறிதாயிருந்து, வளர்ச்சிக்கு ஆண்டுகள் எஞ்சியிருந்தால், அதனை அகற்றிக் கொழுப்பை இட்டு நிரப்பும் சிகிச்சை உண்டு. பின்லாந்து மருத்துவர் லாங்கன்ஷோல்ட் 1967இல் அதனை எழுதினார். காலம் கடந்தால் அவ்வழி அடைபடும்.

ராகலையிலிருந்து கந்தப்பளை வழியாக நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தாய் ஒரு நாள் பேரை இழக்கிறாள். "நொண்டாத பிள்ளைக்கு எதுக்குங்க படம்?" என்று அவள் கேட்பதில் நியாயமுண்டு. கொழுந்து மிகுந்த மாதமாயின் கேள்வி இன்னும் கூர்மையாகும். ஆகவே வரவுப் பதிவேட்டின் ஓரத்தில், கட்டு அவிழ்த்த திகதியை நான் சிவப்பு மையால் குறித்துவைக்கிறேன். ஆறாம் மாதம் அவள் வீட்டுப் படியேறிச் சொல்ல அதுவே போதும்.