தாதிமாரை அனுப்பும் நிலையம்: கங்காணிக் கடன் வேண்டாம்



மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் கரையோர வீதியில் இலுப்பைக்கடவை என்ற ஊர் இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிப் பக்கம் போன நம்ம ஆட்களில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அங்கே வாழ்கிறது. அண்மையில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தோம். அந்த வீட்டு அக்கா எங்களிடம் இப்படிக் கேட்டார்:

"ஐயா, மாமிக்குப் பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்காங்க. மன்னார் பெரியாஸ்பத்திரியில டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முதுகுல புண்ணு. மருந்து கட்ட ஆள் இல்ல. தோட்டத்துல ஓ.எல். படிச்ச புள்ளைங்க சும்மா இருக்காங்களே. நாமளே தாதிமாரை அனுப்புற நிலையம் ஒன்னு தொடங்கினா என்ன?"

நல்ல கேள்வி. தோட்டத்திலும் இதே கஷ்டம் இருப்பதால் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் விளக்கமாக எழுதுகிறோம்.

பற்றாக்குறை எங்கும் உண்டு

உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் உலகத்தில் 2 கோடி 98 லட்சம் தாதிமார் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். நமது நாட்டில் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டாக்டர்மாரும் தாதிமாரும் பலர் வெளிநாடு போய்விட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆள் அனுப்பும் நிலையங்கள் வருகின்றன. நோயாளி வீட்டார் நிலையத்துக்குச் சொல்வார்கள். நிலையம் ஆளை அனுப்பும். வீட்டார் கொடுக்கும் காசில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் சம்பளமாகக் கொடுக்கும். விசயம் இவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நிலையம் தாதியை உண்டாக்குவதில்லை, இருக்கிற தாதியை இடம் மாற்றுகிறது. மன்னார் ஆஸ்பத்திரித் தாதியைக் கூடின காசுக்கு ஒரு வீட்டுக்கு இழுத்தால் அங்கே ஒரு வாட்டுக்கு ஆள் இல்லாமல் போகும். இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இப்படி நிலையங்கள் மூலம் ஆள் எடுத்துச் செலவு மிஞ்சிப் போனதால், 2015இல் அந்தக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. ஆகவே புதிய ஆட்களைப் பயிற்றினால்தான் பற்றாக்குறை குறையும்.

யார் தாதி, யார் பராமரிப்பாளர்?

அரசாங்கத் தாதிப் பயிற்சி மூன்று வருடம். அதைப் படித்துப் பதிவு பெற்றவர்தான் தாதி. ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது அவருடைய வேலை. பராமரிப்பாளர் வேறு. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது இவருடைய வேலை. இதற்கு என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம்.

சில மாதம் படித்த பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை மாட்டி "நர்ஸ்" என்று அனுப்பினால் அது நோயாளிக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. தவறு நடந்தால் பழி பிள்ளையின் தலையில்தான் விழும்.

காசு எப்படிப் பிரிகிறது?

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். வீட்டார் நாளுக்கு 3,000 ரூபா கொடுக்கிறார்கள். பிள்ளையின் சம்பளம் 2,200 ரூபா. நிலையம் கட்ட வேண்டிய ஈ.பி.எப். 12 சதவீதம் 264 ரூபா, ஈ.டி.எப். 3 சதவீதம் 66 ரூபா. மொத்தம் 2,530 ரூபா. மிச்சம் 470 ரூபா. போன், பஸ் காசு, கையுறை, பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் பதில் ஆள் தேடுவது எல்லாம் இந்த 470க்குள் அடங்க வேண்டும்.

வீட்டார் மாதம் முடிந்த பிறகே காசு தரலாம். அதற்காகச் சம்பளத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஆறு பேர் 26 நாள் வேலை செய்தால் 3,94,680 ரூபா முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இது இல்லாமல் தொடங்குகிறவர்கள் பிள்ளைகளிடமே "பயிற்சிக் காசு", "பதிவுக் காசு" என்று வாங்கப் பார்ப்பார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பமாகிறது.

நாம் பட்ட பாடு

நமது முன்னோர்கள் இறங்கியதும் இதே மன்னார்க் கரையில்தான். அங்கிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கூட்டி வந்தவர் கங்காணி. பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் ஆளின் பேரில் கடனாக ஏறியது. வேலை தொடங்கும் முன்பே கடன்காரர் ஆனார்கள். அந்தக் கடனை எழுதிய துண்டைக் காட்டி ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்திடமிருந்து ஆளை எடுத்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது. ஆள் கொடுக்கும் வியாபாரத்தில் கடன் எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

சர்வதேச தொழில் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் இலக்கச் சமவாயமும் வேலை தேடுகிறவரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. செலவு ஆள் எடுப்பவருடையது.

வேறு வழியும் உண்டு

அமெரிக்காவில் நியூயோர்க் நகரத்துப் புரொங்ஸ் பகுதியில் 1985இல் வீட்டுப் பராமரிப்பாளர்களின் கூட்டுறவு நிறுவனம் ஒன்று தொடங்கியது. முதலில் 12 பேர். பிறகு ஏறக்குறைய 2,000 பேராக வளர்ந்தது. அங்கே பயிற்சி இலவசம். பங்கு வாங்கிய தொழிலாளரே சொந்தக்காரர். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பு 2018இல் "ஹர்ஷம்" என்ற திட்டத்தின் கீழ் பெண்களுக்கு முதியோர் பராமரிப்பைப் பழக்கி வேலைக்கு அனுப்பத் தொடங்கியது. நமக்கும் தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கூட்டுறவு நமக்குப் புதிது இல்லை.

அக்காவுக்கு நாங்கள் சொன்னது

1. தாதி நிலையம் என்று பெயர் வைக்க வேண்டாம். பராமரிப்புச் சேவை என்று ஐந்தாறு பேரோடு தொடங்குங்கள்.

2. ஓய்வு பெற்ற தாதி ஒருவரை மேற்பார்வைக்கு வையுங்கள். மருந்து கட்டும் வேலையை அவர் பார்ப்பார், பிள்ளைகளையும் பழக்குவார்.

3. பிள்ளைகளிடம் ஒரு சதமும் வாங்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழையோ அடையாள அட்டையையோ பிடித்து வைக்க வேண்டாம்.

4. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். கட்டணம் வாங்கி வேலை எடுத்துக் கொடுப்பது பற்றி 1956ஆம் ஆண்டுச் சட்டமும், தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவது பற்றி 2006ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. தொழில் திணைக்களத்திலும் மாகாண சுகாதார அலுவலகத்திலும் முதலே விசாரியுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

5. பிள்ளை தங்கும் வீட்டை முதலில் போய்ப் பாருங்கள். தனி அறை, சாப்பாடு, ஓய்வு நேரம், கிழமையில் ஒரு லீவு நாள் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப மாமியோட புண்ணுக்கு நாளைக்கே ஆள் வராது, ஆனா ஆறு மாசத்துல வரும்னு சொல்றீங்க" என்றார். ஆமாம் என்றோம். அதுவரை புரட்டிப் படுக்க வைக்கிற முறையை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பெற்றோர்களே, உங்கள் லயத்துக்கு யாராவது வந்து "நர்ஸ் வேலை இருக்கு, இவ்வளவு கட்டுங்க" என்று சொன்னால் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். பிள்ளையிடம் காசு கேட்கிறவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள்.