டச் ஸ்கிரீன் தானாக க்ளிக் ஆகிறதா? ஜன்னலை மூடிப் பாருங்கள்!

ஆசையாக வாங்கிய டச் ஸ்கிரீன் கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறீர்கள். காலையில் ஒழுங்காக வேலை செய்கிறது. மாலை வெயில் விழும்போது மட்டும், நீங்கள் தொடாமலேயே ஐகான்கள் திறக்கின்றன. ஃபைல்கள் மூடிக் கொள்கின்றன. வைரஸ் என்று பயந்து விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யவோ, பணம் செலவழித்துத் திரையை மாற்றவோ வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

எப்படி இயங்குகிறது?

2008ல் வெளிவந்த எச்பி டச்ஸ்மார்ட் ஐக்யூ500 வரிசையில் இருப்பது ஆப்டிகல் டச் ஸ்கிரீன். திரையின் மேல் மூலைகள் இரண்டிலும் சிறு கேமராக்கள் உண்டு. அவற்றுடன் உள்ள எல்இடிகள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திரை மீது பரப்பும். ஓரங்களில் உள்ள பட்டை அதை வந்த வழியே திருப்பி அனுப்பும். விரல் வைத்தால் ஒளி தடைபட்டு நிழல் விழும். நிழலை இரண்டு கேமராக்களும் எந்தக் கோணத்தில் பார்க்கின்றன என்பதை வைத்து, தொட்ட இடம் கணக்கிடப்படுகிறது.

வெயில் என்ன செய்யும்?

சூரிய ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்புதான். அது கேமராவில் விழுந்தால் நிழல் எது, ஒளி எது என்று குழம்பிவிடும். இதைத் தடுக்க ஃபில்டர் வைப்பார்கள். எல்இடியை அணைத்து ஒரு படம், எரியவிட்டு ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதும் உண்டு. ஆனால் நேரடி வெயிலில் கேமரா முழுவதும் வெளுத்துப் போனால், கழிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. தொல்லை வரும் நேரத்தில் கனமான திரைச்சீலையை இழுத்து விடுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி வெயில்தான்.

2. திரையிலும் அதன் ஓரங்களிலும் வெயில் படாதபடி மேஜையைத் திருப்பிப் போடுங்கள்.

3. அருகில் குண்டு பல்பு, ஹாலஜன் விளக்கு வேண்டாம். இவை தருவதில் பெரும்பகுதி அகச்சிவப்பே. எல்இடி பல்பு, டியூப்லைட்டில் இது மிகக் குறைவு.

4. கம்ப்யூட்டரை அணைத்து, ஓரப் பட்டையையும் மூலைகளையும் உலர்ந்த மென்மையான துணியால் துடையுங்கள். தூசியும் இதே தொல்லையைத் தரும்.

இருட்டிலும் தானாக க்ளிக் ஆனால் மட்டும் சர்வீஸுக்குக் கொடுங்கள். மொபைல் போன் திரைகள் விரலின் மின்தன்மையை உணர்பவை. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.