வெளிச்சத்தைக் குடிப்பது எது?

நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில் பொங்கல் நடைபெறும்போது வன்னியே அங்கே திரண்டு நிற்கும். முல்லைத்தீவுக் கடலில் எடுத்து வரும் நீரில் விளக்கெரிப்பது அவ்விழாவின் பழைய மரபு. தீபங்களும் பொங்கல் அடுப்புகளும் தரும் வெளிச்சத்தில் முகங்களைப் படம் பிடிப்பது இலேசான காரியமன்று.

கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கும் அவ்வூர் இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய தகப்பனாரும் படப்பிடிப்பாளர். 2009இல் இடம்பெயர்ந்தபோது அவர் மடியில் கட்டிக்கொண்டு போன சாமான்களில் மிஞ்சியது ஒரு பழைய பென்டக்ஸ் சூப்பர் டக்குமர் லென்ஸ். 55 மில்லிமீற்றர், 1.8 துவாரம். மகன் அதை ஒரு சோனி கமராவில் இணைப்பு வளையம் வைத்துப் பொருத்திக்கொண்டு பொங்கலுக்குப் போனார். படங்கள் இருண்டு, புள்ளி புள்ளியாக வந்தன.

"சேர், அடப்டர்தான் வெளிச்சத்தைக் குடிக்குது எண்டு கடைக்காரர் சொல்லுறார். லென்ஸை வித்துப்போட்டுப் புதுசு வாங்கட்டாம்" என்று வந்து நின்றார்.

வளையத்தைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். உள்ளே கண்ணாடி இல்லை, வெறும் ஓட்டை. ஓட்டை எப்படி வெளிச்சத்தைக் குடிக்கும்?

கடைக்காரர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. விளக்கிலிருந்து விலக விலக வெளிச்சம் குன்றும் என்பதைக் குழந்தையும் அறியும். வளையம் 27.5 மில்லிமீற்றர் தடிப்பானது. அவ்வளவு தூரம் லென்ஸைத் தள்ளி வைத்தால் ஒளி குறையாதா என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த லென்ஸ் தன் சொந்தக் கமராவிலும் ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீற்றர் தள்ளியே இருந்தது. இடையில் கண்ணாடி ஒன்று ஏறி இறங்க இடம் வேண்டியிருந்ததே காரணம். சோனியில் அந்தக் கண்ணாடி இல்லை. இடைவெளி 18 மில்லிமீற்றர்தான். மிகுதி 27.46. வளையம் செய்வதெல்லாம் பழைய தூரத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

இதே தடிப்புள்ள வளையத்தைப் பழைய கமராவுக்கும் அந்த லென்ஸுக்கும் நடுவே வைத்திருந்தால் கதை வேறு. பூச்சி, பூக்களைக் கிட்டத்தில் எடுக்க அப்படிச் செய்வார்கள். அப்போது தூரம் ஒன்றரை மடங்காகும்; ஒளி இரண்டேகால் பங்கில் ஒரு பங்காகக் குறையும். வளையம் ஒன்றே, வைக்கும் இடம்தான் வேறு.

கண்ணாடி உள்ள வளையங்களும் உண்டு. கனன் எஃப்டி லென்ஸுக்கு 42 மில்லிமீற்றர் தூரம் போதும். பின்வந்த கனன் ஈஎஃப் கமராவிலோ 44 வேண்டும். அந்த இரண்டு மில்லிமீற்றரைச் சரிக்கட்டாவிட்டால் தூரத்துப் பொருள் தெளியாது. அதற்கென வைக்கும் கண்ணாடி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஒளியைப் பரப்பி மங்கச் செய்யும். பூச்சுப் பூசாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் நூற்றுக்கு நான்கு வீதம் ஒளியைத் திருப்பியும் விடும். இதற்கு நேர்மாறானதும் உண்டு. 2013இல் மெட்டபோன்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்பீட் பூஸ்டர், சிறிய சென்சருக்கு வெளியே விழுந்து வீணாகும் ஒளியையும் உள்ளே ஒடுக்கித் தரும். படம் 0.71 மடங்காகச் சுருங்க, வெளிச்சம் ஏறத்தாழ இரட்டிக்கும். புதிதாக ஒளி பிறப்பதில்லை. பரந்து கிடந்தது கூடுகிறது, அவ்வளவே.

ஒளி எவ்வழி செல்கிறது என்பதைச் சோதித்தே அறியவேண்டும் என்றவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' எழுதியவர். சிறு துவாரத்தின் எதிரே பல விளக்குகளை வைத்து, இருட்டறைச் சுவரில் அவற்றின் ஒளி தனித்தனியே விழுவதைக் கண்டார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டுமே மறைந்தது.

நாமும் அவர் வழியில் ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தோம். குற்றவாளி அகப்பட்டான். அந்த லென்ஸின் பின்புறம் ஒரு சிறு ஊசி உண்டு. அது அமுங்கினால் துவாரம் குறித்த அளவுக்குச் சுருங்கும். பழைய கமரா படமெடுக்கும் கணத்தில் மட்டும் அதை அமுக்கும். இந்த வளையத்தின் விளிம்போ எப்போதும் அமுக்கியபடியே இருந்தது. தகப்பனார் ஃபிளாஷ் போட்டு எடுத்த பழக்கத்தில் அளவு எட்டில் நின்றது. 1.8இல் வரும் ஒளியில் இருபதில் ஒரு பங்குதான் எட்டில் வரும். கமராவின் திரை தானே பிரகாசத்தைக் கூட்டிக் காட்டியதால் மகனுக்கு அது புலப்படவில்லை. துவார எண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டுமே தெரிந்தது.

அளவை 1.8க்குத் திருப்பினோம். வளையத்தின் பளபளத்த உட்சுவரில் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினார். சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி படத்தை வெளிறச் செய்யும் என்பதால். லென்ஸ் விற்கப்படவில்லை. இப்போது அவருடைய முறைப்பாடு வேறு: "விளக்குத் தெளிவாக விழுந்தால் பின்னால நிக்கிற அம்மாவின்ர முகம் கலங்குது சேர்." துவாரத்தை அகலத் திறந்தால் தெளிவின் ஆழம் குறையும். இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவே எங்காவது வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.