மீன் தொட்டியில் செடி வளர்ப்போம்: விளக்கை மட்டும் கூட்டினால் பாசிதான் மிஞ்சும்

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று தாமான் வீட்டுக்கு வந்த அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று இரண்டடி மீன் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். செடிகள் நட்டு, கடையில் இருந்ததிலேயே வெளிச்சம் அதிகமான விளக்கைப் பொருத்தினேன். மூன்றாவது வாரம் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. செடிக்குக் கரிவளி போதவில்லை என்று யாரோ சொல்ல, கலன் ஒன்றும் வாங்கினேன். ஓர் இரவு அதை அடைக்க மறந்துவிட்டேன். காலையில் கப்பி மீன்களில் பாதி செத்து மிதந்தன. அப்பா ஒன்றும் சொல்லாமல் அள்ளி எடுத்தார்.

செடி, விளக்கு, கரிவளி மூன்றையும் தனித்தனியாக நினைத்து வாங்கியதுதான் நான் செய்த தவறு. ஒளிச்சேர்க்கைக்கு ஒளியும் வேண்டும், கரிவளியும் சத்தும் வேண்டும். ஒளியை மட்டும் கூட்டினால் செடியால் ஈடுகொடுக்க முடியாது. மிஞ்சும் ஒளியைப் பாசி பயன்படுத்திக் கொள்ளும். ஆகவே, எந்தச் செடி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற இரண்டும் அதைப் பொறுத்தவை.

எந்தச் செடி?

நம் ஊரில் தொட்டி நீரின் வெப்பம் 28 முதல் 30 பாகை வரை போகும். அதைத் தாங்கும் செடிகளே புதியவர்களுக்கு ஏற்றவை. ஜாவா ஃபெர்ன், ஜாவா மோஸ், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் ஆகியவை குறைந்த ஒளியிலும் கலன் இல்லாமலும் வளரும். இவற்றுள் கிரிப்டோகோரைன் நம் மண்ணுக்குச் சொந்தமானது. பகாங்கின் தாசேக் பெராவில் அது இயற்கையாகவே வளர்கிறது.

ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மணலில் புதைக்காதீர்கள். அவற்றின் தடித்த தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிடுங்கள். கிரிப்டோகோரைனை வேரூன்ற நடலாம். நட்ட சில நாள்களில் அதன் இலைகள் கரைந்துபோவது உண்டு. செத்துவிட்டது என்று பிடுங்கி எறிய வேண்டாம். வேர் நன்றாக இருந்தால் சில வாரங்களில் புது இலை வரும். பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு மேலே வளர்த்து விற்பதால், தொட்டிக்கு வந்ததும் பழைய இலை உதிர்வது இயல்பு.

சிவப்பு நிறச் செடிகளும் தரையில் புல்வெளி போல் படரும் செடிகளும் பார்க்க அழகு. ஆனால், பெரும்பாலும் அவற்றுக்கு வலுவான ஒளியும் கரிவளியும் சேர்ந்தே வேண்டும்.

எவ்வளவு ஒளி?

விளக்குப் பெட்டியில் வாட் அளவை மட்டும் பார்க்காமல் லூமென் அளவைப் பாருங்கள். எளிய செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் போதும். இரண்டடித் தொட்டி சுமார் 60 லிட்டர் பிடிக்கும் என்றால் 600 முதல் 1,200 லூமென் வரை. லிட்டருக்கு 40-ஐத் தாண்டினால் கரிவளி இல்லாமல் சமாளிப்பது கடினம்.

ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும். டைமர் பொருத்திவிட்டால் மறதிக்கு இடமில்லை. நேரடி வெயில் விழும் சன்னலோரத்தில் தொட்டியை வைக்காதீர்கள். பாசி வந்தால் மருந்து தேடுவதற்கு முன் விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

கரிவளி தேவையா?

எளிய செடிகளுக்குத் தேவையில்லை. வேண்டும் என்பவர்கள், டைமரோடு சேர்ந்து தானாகத் திறந்து மூடும் மின்வால்வு உள்ள கருவியாக வாங்குங்கள். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூட வேண்டும். இருட்டில் செடி கரிவளியை எடுக்காது. மீனைப் போலவே அதுவும் உயிர்வளியைச் செலவழித்துக் கரிவளியை வெளியிடும். எங்கள் வீட்டில் அந்த இரவு நடந்தது இதுதான்.

அளவு தெரிய ‘டிராப் செக்கர்’ என்று கேட்டு வாங்கித் தொட்டிக்குள் ஒட்டுங்கள். அதிலுள்ள திரவம் நீலமாக இருந்தால் கரிவளி குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. நிறம் மாற ஓரிரு மணி நேரமாகும் என்பதால் மீன்களையும் கவனியுங்கள். அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே கலனை அடைத்து, காற்றுக் குழாயை ஓடவிட்டு, கொஞ்சம் நீரை மாற்றுங்கள். போத்தலில் சீனியும் ஈஸ்ட்டும் கலந்து கரிவளி எடுப்பது மலிவுதான். ஆனால், இரவில் அதை நிறுத்த முடியாது. குழாயை மூடினால் அழுத்தம் ஏறி போத்தல் வெடிக்கலாம்.

வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். வெட்டிய செடிகளை ஆற்றிலோ கால்வாயிலோ வீசாதீர்கள். வெளிநாட்டுச் செடிகள் பரவினால் நீரோட்டத்தை அடைத்துவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இப்போது அப்பாவின் தொட்டியில் கலன் இல்லை. சின்ன விளக்கு ஏழு மணி நேரம் எரிகிறது. கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன் புது இலை விட்டிருக்கிறது. காலையில் பசியாறுவதற்கு முன் மீன்களை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அப்பா இன்னும் விடவில்லை.