சுவருக்குள் இருக்கும் ஈரம்

“சிறு துளி பெரு வெள்ளம்” என்னும் பழமொழியை அறியாத கூட்டுறவாளர் இலர். சிக்கன நாணயச் சங்கங்களின் சுவர்களில் அதை எழுதி வைத்திருப்பதைக் காணலாம். துளித் துளியாகச் சேமித்தால் செல்வம் பெருகும் என்பது அதன் பொருள். அதே சிறு துளி, சேரக்கூடாத இடத்தில் சேர்ந்தால் சங்கத்தின் சரக்கையும் ஊழியரின் உடல் நலத்தையும் எவ்வாறு கெடுத்துவிடும் என்பதை நாம் நேரிலே கண்டோம். அங்கத்தினர்களுக்குப் பயன்படும் எனக் கருதி அதை இங்கே எழுதுகிறோம். இதில் நமது பிழையும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமற் சொல்லுவோம்.

இரு சங்கங்கள், ஒரு வண்டி

நெசவாளர் சங்கம் ஒன்றும், நிலக்கடலை பயிரிடுவோர் சங்கம் ஒன்றும் சேர்ந்து, சென்னையில் விற்பனை செய்வதற்காக ஒரு பழைய வண்டியை வாங்கின. லாரியின் அடிச்சட்டத்தின்மேல் அறை போலக் கட்டப்பட்ட வண்டி அது. வெளியே தகரம், உள்ளே பிளைவுட் பலகை, அதன்மேல் பளபளப்பான சன்மைக்கா, இரண்டுக்கும் இடையில் வெயிலின் சூடு தாக்காதிருக்கத் தெர்மோகோல். சினிமாப் படப்பிடிப்புக்குச் செல்லும் ‘கேரவன்’ வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். மேலை நாடுகளில் மக்கள் காரின் பின்னே கட்டி இழுத்துச் சென்று தங்குகின்ற சக்கர வீடுகள் பலவும் ஏறக்குறைய இம்முறையிலேயே கட்டப்படுகின்றன.

வண்டியின் ஒரு புறம் சேலை, வேட்டி, துண்டு. மறுபுறம் நிலக்கடலை, எள், உளுந்து. காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளுக்கு அருகில் நிற்கும். மாலையில் தியாகராய நகர் செல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் நிற்கும். இடைத்தரகர் இன்றி நல்ல விலை கிடைத்ததால் இரு சங்கத்தாரும் மகிழ்ந்திருந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தீபாவளி வருவதும் அக்காலத்திலேதான். மார்கழி இசை விழாவுக்காக மயிலாப்பூர்ச் சபாக்களில் கூட்டம் கூடுவதும் அப்பருவத்தின் கடைசியிலேதான். ஆகவே நெசவாளரின் விற்பனைக் காலமும் நகரத்தின் மழைக்காலமும் ஒன்றே. வண்டி நிறையச் சரக்கு இருக்கும் நாட்களில்தான் கூரைக்கும் சோதனை வருகிறது.

யார்மேல் குற்றம்?

தை மாதத்தில் இருப்புப் பார்த்தபோது, அடித்தட்டில் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த 40க்கு மேற்பட்ட சேலைகளில் கரும்புள்ளிகள் காணப்பட்டன. கடலை மூட்டைகள் மூன்றில் பச்சை நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. உடனே வழக்கு மூண்டது. “கடலை மூட்டையின் ஈரம் எங்கள் சேலையைக் கெடுத்தது” என்றார் நெசவாளர் சங்கக் காரியதரிசி. “உங்கள் கஞ்சி காயாத சேலைதான் எங்கள் கடலையைக் கெடுத்தது” என்றார் விவசாயிகள் சங்கத் தலைவர். கூட்டு விற்பனையே வேண்டாம், கணக்கை முடித்துப் பிரிந்துவிடலாம் என்ற அளவுக்குப் பேச்சு முற்றிய நிலையில், விசாரணைக்காக நாம் அழைக்கப்பட்டோம்.

வண்டியின் விற்பனையாளர் நெசவுக் குடும்பத்து இளைஞர். காவலுக்காக இரவில் வண்டிக்குள்ளேயே படுப்பவர். கார்த்திகையிலிருந்து அவருக்கு இருமல் ஓயவில்லை. பனிக்காற்று என்று எண்ணிக் கஷாயம் குடித்து வந்தார். பொங்கலுக்கு ஊர் சென்று 10 நாள் தங்கியபோது இருமல் தணிந்தது; திரும்பி வந்து வண்டியிற் படுத்ததும் மீண்டும் தொடங்கியது. “உள்ளே ஒரு வாடை வரும் ஐயா, சாம்பிராணி போட்டால் போய்விடும்” என்று அவர் சொன்னபோது நமக்குச் சுருக்கென்றது.

ஏனெனில், முந்திய ஆண்டிலும் அவ்வண்டியைத் தணிக்கை செய்தவர்கள் நாமே. அந்த வாடையை அன்றும் உணர்ந்தோம். கோணிப்பையும் புதுத் துணியும் கலந்த வாடை என்று எண்ணி விட்டுவிட்டோம். சேலைகளை எண்ணினோம், மூட்டைகளை நிறுத்தோம், ஏட்டோடு ஒப்பிட்டு ‘இருப்பு சரி’ என்று கையொப்பமிட்டோம். சுவரின்மேல் கை வைத்துப் பார்க்கவில்லை.

இம்முறை தச்சர் ஒருவரை அழைத்து, மூலையிலிருந்த பலகையைக் கழற்றச் சொன்னோம். சன்மைக்கா புதியது போலவே மின்னியது. அதன் பின்னால் பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்து, கறுத்து, விரலால் அழுத்தினால் உட்கார்ந்தது. தெர்மோகோலுக்கும் தகரத்துக்கும் இடையில் நீர் முத்து முத்தாக நின்றது. தச்சர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது மூணு மழை குடிச்ச பலகைங்க, ஐயா” என்றார். கூரையில் தகரமும் தகரமும் சேருமிடத்தில் பூசியிருந்த பசை வெடித்திருந்தது. அவ்வெடிப்பு ஒரு நூலிழை அகலந்தான். இரு சங்கத்தாரும் குனிந்து பார்த்தனர். அதற்குப்பின் வழக்காட எவரும் வாய் திறக்கவில்லை.

ஈரம் செய்யும் வேலை

பூஞ்சணத்தின் வித்துக்கள் காற்றில் எங்கும் உள்ளன. அவற்றை அறவே தடுக்க இயலாது. அவை முளைப்பதற்கு வேண்டியவை உணவும் ஈரமும். மரம், காகிதம், பருத்தி, கஞ்சி மாவு ஆகிய எல்லாம் அவற்றுக்கு உணவு. எனவே நம் கையில் உள்ளது ஈரம் ஒன்றே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிப்பதில்லை. வெளியில் நனைந்தது வெயிலில் காய்ந்துவிடும். இரு சுவர்களுக்கு இடையில் புகுந்த நீருக்குக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அது மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும்.

பூஞ்சணம் துணியின் மேற்புறத்தை மட்டும் அழுக்காக்குவதில்லை, நூலையே தின்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் இற்று விழுந்தன. காரணத்தை ஆராய்ந்தவர்கள் அவற்றில் டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சணத்தைக் கண்டனர். நம் விவசாயிகள் நிலக்கடலை விதையோடு கலந்து விதைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி அதே இனத்தைச் சேர்ந்தது. நிலத்தில் நோயைத் தடுத்து உதவுகின்ற இனம், ஈரத் துணியில் நெசவாளரின் உழைப்பைத் தின்றுவிடுகிறது.

வண்டிக்கு மட்டும் உரிய தொல்லை அன்று இது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் தியாகராய நகரின் தெருக்கள் நீரில் நின்றன. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இத்தகைய வெள்ளத்துக்குப் பின் சுவரில் நீர்க்கோடு தெரியும். அதுவரையில் கழுவி வெள்ளையடிப்போம். ஆனால் செங்கல்லும் பலகையும் திரியைப் போல நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். கோட்டுக்கு மேலேயும், சுவரோடு பதித்த அலமாரிகளின் முதுகிலும் ஈரம் தங்கிவிடும். கிடங்கு வைத்திருக்கும் சங்கங்கள் இதனை மறத்தலாகாது.

மூடிய பெட்டி போன்ற இடத்தில் வாழ்வோர் காற்றின் தன்மையைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவிலும் ஒரு சான்று உண்டு. 2005ஆம் ஆண்டில் கத்ரீனா புயலால் வீடிழந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அரசினர் சக்கர வீடுகளையும் அவை போன்ற தற்காலிக வீடுகளையும் வழங்கினர். குடியிருந்தோர் மூச்சுத் தொல்லையும் கண்ணெரிச்சலும் இருப்பதாக முறையிட்டனர். பின்னர்ச் சோதித்தபோது, பலகைகளின் பசையிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவி பல வீடுகளில் மிகுந்திருந்தது. புகலிடமாகக் கொடுத்த வீடுகளிலிருந்தே மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அங்கே கேடு செய்தது வேறு பொருள். ஆயினும் காற்றோட்டம் குறைந்த அறையில் உட்சுவரே நோய்க்குக் காரணமாகலாம் என்னும் பாடம் நமக்கும் பொருந்தும்.

நச்சுப் பூஞ்சணமா?

கரும்பூஞ்சணத்தைக் கண்டதும் சிலர் அஞ்சி நடுங்குகின்றனர். 2021ஆம் ஆண்டில் கொரோனா நோயாளிகள் சிலரைத் தாக்கிய ‘கருப்புப் பூஞ்சை’ நோயோடு இதைக் குழப்பிக்கொள்கின்றனர். அந்நோய் வேறு, சுவரில் படரும் கறுப்பு வேறு. நிறத்தைக் கொண்டு நஞ்சை அறியவும் முடியாது. வெள்ளையாயினும் கறுப்பாயினும் அகற்றப்பட வேண்டியதே. ஈரமும் பூஞ்சணமும் உள்ள இடத்தில் வாழ்வோருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதல் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. குழந்தைகளும் முதியோரும் மூச்சு நோயுள்ளவர்களும் மிகவும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

உண்ணும் பொருளில் பிடித்த பூஞ்சணமோ மெய்யாகவே நஞ்சு தரக்கூடியது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருந்தது பின்னர்த் தெரிந்தது. 1974ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 100க்கு மேற்பட்டோர் இறந்தனர். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றிலும் நீங்குவதில்லை. கெட்ட கடலையைச் செக்கிலிட்டால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலே தங்கும். அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் வரும். ஆகையால் கெட்டதை நல்லதோடு கலந்து விற்பது நட்டத்தைக் குறைக்கும் வழியாகாது. அது பிறர் வீட்டுக் குழந்தைக்குச் செய்யும் தீங்கு. நெற்றுக் கடலையை 8 விழுக்காட்டு ஈரத்துக்கு உலர்த்திய பின்னரே மூட்டையிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

பழைய வண்டி வாங்கும்போது எஞ்சினையும் டயரையும் பார்க்கிறோம். கூரையின்மேல் ஏறிப் பார்க்க வேண்டும். மூட்டுவாய், ஜன்னல் ரப்பர், விளக்குப் பொருத்திய இடம், திருகாணித் துளை ஆகியவையே நீர் புகும் வழிகள். திருகாணியின் கீழே துருக்கோடு, உப்பிய சன்மைக்கா, மிதித்தால் அமுங்கும் தரை, பூட்டித் திறந்ததும் எழும் வாடை, இவை அடையாளங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் துடைத்துத் துலக்கப்பட்டு விலைக்கு வருவதுண்டு. இருக்கையின் அடியிலும் தரைவிரிப்பின் கீழும் சேறு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மழைக்கு முன், புரட்டாசியிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒருவர் வெளியே குழாயால் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நீர் அடிக்க, மற்றொருவர் உள்ளே விளக்கோடு நின்று பார்க்க வேண்டும். எந்த உயரத்தில் கசிகிறது என்பது தெரிந்துவிடும்.

கசிவு கண்டால் முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். பின்னர் நனைந்த பலகையையும் தெர்மோகோலையும் அகற்ற வேண்டும். எஞ்சிய சட்டத்தைச் சோப்பு நீரால் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். மூக்குக்கு நல்ல முகக்கவசமும் கைக்கு உறையும் வேண்டும். உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துக்கள் எங்கும் பறக்கும். மேலே வர்ணம் பூசி மறைப்பது வீண் செலவு. வாடைக்குச் சாம்பிராணி போடுவதும் அத்தகையதே.

சரக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும், தரையிலிருந்து கட்டையின்மேல் உயர்த்தியும் அடுக்க வேண்டும். மழை விட்ட நாட்களில் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். கறை பட்ட பருத்திச் சேலையை வெளியிலே உதறித் துவைத்து வெயிலில் போடலாம். பட்டை நிழலில் உலர்த்த வேண்டும். சலவைத் தூள் ஆகாது.

முடிவு

இரு சங்கத்து நிர்வாகக் குழுக்களும் ஒன்றாகக் கூடி, நட்டத்தைச் சரி பாதியாக ஏற்கத் தீர்மானித்தன. வண்டிப் பராமரிப்புக் கணக்கைப் புரட்டியபோது எண்ணெய்க்கும் டயருக்கும் செலவு இருந்தது. கூரைக்கு ஒரு காசும் இல்லை. மூன்று மூட்டைக் கடலையையும் ஆடு மாடு அணுகாத இடத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தனர். நல்ல விலைக்குக் கேட்டு வந்த எண்ணெய் வியாபாரியை விவசாயிகள் சங்கத் தலைவரே திருப்பியனுப்பினார். சேலைகளில் துவைத்துத் தேறியவை, கறையுள்ளவை என்று அறிவித்துக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. மற்றவை கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றை நெய்த கைகளுக்கு உரிய கூலி முன்பே கொடுக்கப்பட்டிருந்தது என்பது ஒன்றே ஆறுதல்.

விற்பனையாளரை மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் இப்போது வண்டியிற் படுப்பதில்லை. இருமல் பெரிதும் குறைந்திருக்கிறது. எனினும் மருந்து இன்னும் தொடர்கிறது. வண்டியின் ஈரம் ஒன்றே முழுக் காரணம் என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் ஓராண்டுக்கு முன் நாம் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்திருந்தால், அவர் ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே படுத்திருக்க நேர்ந்திராது. அதை எண்ணும்போதெல்லாம் நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

இப்போது நாம் தணிக்கைக்குச் செல்லும் இடமெல்லாம், ஏட்டைத் திறக்குமுன் சுவரைத் தொட்டுப் பார்க்கிறோம். அங்கத்தினர்களும் அடுத்த மழைக்கு முன்னரே தத்தம் சங்கத்தின் கிடங்கிலும் வண்டியிலும் அவ்வாறு பார்த்து, கண்டதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறோம்.